மின்னஞ்சல் முகவரி சரிதானா? நிரலில் பார்ப்பது எப்படி

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஆச்சி ஒருவருக்கு ஆர்டர் படிவம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரே வாரத்தில் போன். "தம்பி, சிங்கப்பூர்லேருந்து மாவுருண்டை கேட்டாக. ஈமெயில் தப்புன்னு செகப்பா காட்டுதாம்ல?"

முகவரியில் ஒரு தப்பும் இல்லை. @-க்கு முன்னால் வரும் பெயர்ப் பகுதியில் ஒரு + இருந்தது, அவ்வளவுதான். எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு மட்டுமே வரலாம் என்ற ரெஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைச் சோதிக்கும் குறிவரி) ஒன்றை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தேன். ஜிமெயில்காரர்கள் + போட்டு எழுதுவது சகஜம், விதிப்படியும் சரி. என் நிரல்தான் வந்த வாடிக்கையாளரை விரட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு மாற்றி எழுதியது இது. எந்த மொழியின் இலக்கணமும் இல்லாமல் எழுதியிருக்கிறேன். பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ, உங்களுக்கு வருவதில் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: உருவம் மட்டும்

முகவரி = முன்பின் இடைவெளி நீக்கு(முகவரி)
@ இல்லை → தவறு
கடைசி @-இல் பிரி → பெயர் (@-க்கு முன்), களம் (@-க்குப் பின்)
பெயர் காலி, அல்லது 64 பைட்டுக்கு மேல் → தவறு
முழு முகவரி 254 பைட்டுக்கு மேல் → தவறு
களத்தில் புள்ளியே இல்லை → தவறு
களத்தின் முதலிலோ கடைசியிலோ புள்ளி, அல்லது இரண்டு புள்ளி அடுத்தடுத்து → தவறு

ஏன் கடைசி @? மேற்கோள் குறிக்குள் இருந்தால் பெயர்ப் பகுதியிலேயே @ வரலாம் என்கிறது விதி. நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் கடைசியில் பிரிப்பதற்குக் கூடுதல் செலவு கிடையாது.

பைட் (கணினி சேமிக்கும் அளவு) என்பதைக் கவனியுங்கள், எழுத்து அல்ல. 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6531 என்ற இணைய விதி ஆவணத்துக்குப் பிறகு பெயர்ப் பகுதி தமிழிலேயே இருக்கலாம். 'காரைக்குடி' நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 10 குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 30 பைட். நீளத்தை எழுத்துக் கணக்கில் பார்த்தால் கணக்கு உதைக்கும். ஆங்கில எழுத்து மட்டும்தான் என்று கட்டுப்படுத்தினால் தமிழ் முகவரி வாசலிலேயே நின்றுவிடும்.

பெயர்ப் பகுதியைச் சின்ன எழுத்தாக மாற்றாதீர்கள். களத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இல்லை. பெயரில் விதிப்படி உண்டு.

படி 2: சர்வரிலும் அதே சோதனை

எச்டிஎம்எல்-இல் இன்புட் வகையை 'ஈமெயில்' என்று கொடுத்தாலே உலாவி ஓரளவு பார்த்துக்கொள்ளும். அதோடு நிறுத்தினால் எங்கள் ஊர் வீட்டில் முகப்பை மட்டும் பூட்டிய கதைதான்: வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், பின்கட்டுக் கதவு திறந்தே கிடக்கும். உலாவியைத் தொடாமல் நேராக சர்வருக்கே தகவல் அனுப்ப யாராலும் முடியும்.

படி 3: களம் இருக்கிறதா

இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்-இல் அந்தக் களத்துக்கு எம்எக்ஸ் பதிவு (அஞ்சலை எந்தச் சர்வர் வாங்கும் என்ற குறிப்பு) உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் உடனே தள்ளிவிடாதீர்கள். எம்எக்ஸ் இல்லாதபோது களத்தின் ஐபி முகவரிக்கே அஞ்சல் போகலாம். இரண்டும் இல்லையென்றால் தவறு. டிஎன்எஸ் பதிலே தராமல் நேரம் கடந்துவிட்டால் அது வாடிக்கையாளர் குற்றமா என்ன? உள்ளே விடுங்கள்.

'ஜிமெயில்' என்பதில் ஓர் எழுத்தை இடம் மாற்றி அடித்தால் இந்தச் சோதனை பிடிக்காமல் போகலாம், அந்தப் பெயரையும் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள். அதற்கு "ஜிமெயில் என்று அடிக்க நினைத்தீர்களா?" என்று கேட்டால் போதும். தடுக்க வேண்டாம்.

படி 4: ஒரு அஞ்சல் அனுப்பு

இதுவரை பார்த்ததெல்லாம் உருவமும் விலாசமும்தான். அந்தப் பெட்டியைத் திறக்கும் ஆள் இவர்தானா என்பதை அஞ்சல் அனுப்பித்தான் அறிய முடியும். ஊகிக்க முடியாத ஒரு குறியீட்டை உருவாக்கி, இணைப்பில் வைத்து அனுப்புங்கள். 24 மணி நேரத்தில் காலாவதி, ஒரு முறைதான் செல்லும். சொடுக்கினால் 'உறுதியானது' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியின் படிவத்தில் இன்னொன்றும் மாற்றினேன்: மின்னஞ்சல் பெட்டியின் 'கட்டாயம்' குறியை எடுத்துவிட்டேன். கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் தேன்குழலுக்குப் போனில்தான் சொல்கிறார்கள்.