பழைய லேப்டாப்புக்கு மாற்று சார்ஜர்: பின் நுழைந்தால் மட்டும் போதாது

"டெல் சார்ஜர் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், பல கடைகளில் லேப்டாப்பில் செருகும் முனை, அதாவது பின், நுழைகிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். பின்னைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் வோல்ட், அடுத்து ஆம்பியர்.

படி 1: பழைய அடாப்டர் (சார்ஜரின் பெட்டி) நிஜமாகவே போய்விட்டதா?

சுவர் பிளக்கிலிருந்து அடாப்டருக்கு வரும் மூன்று ஓட்டை பவர் கார்டை முதலில் மாற்றிப் பாருங்கள். அது தனியாகவே கிடைக்கும், விலையும் குறைவு. அடாப்டரில் எரியும் விளக்கு, லேப்டாப்பில் செருகியதும் அணைந்து, பிடுங்கினால் மறுபடி எரிகிறதா? அப்படியானால் பெரும்பாலும் லேப்டாப்புக்குள்ளேயே ஷார்ட் இருக்கும். புது அடாப்டர் வாங்கினாலும் அணையத்தான் செய்யும். அசைத்தால் மட்டும் சார்ஜ் ஏறுகிறது என்றால், பின்னை ஆடாமல் பிடித்துக்கொண்டு வயரை மட்டும் வளையுங்கள். அப்போதும் விட்டுவிட்டு வந்தால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. வயரை வளைத்தும் ஒன்றும் ஆகாமல், பின் ஆடும்போது மட்டும் போய்வந்தால் லேப்டாப்பில் பின் நுழையும் ஜாக் தளர்ந்திருக்கிறது.

படி 2: லேபிளைப் படியுங்கள்

இன்புட் வரியை விடுங்கள், அவுட்புட் வரிதான் வேண்டும். பழைய டெல் ஒன்றில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் சுமார் 65 வாட். அதே டெல்லில் 4.62 ஆம்பியர் என்றால் 90 வாட். ஏசர், ஆசுஸ், தோஷிபா மாடல்கள் பலவற்றுக்கு 19 வோல்ட், 3.42 ஆம்பியர். பழைய லெனோவோ திங்க்பேடுக்கு 20 வோல்ட். பழைய அடாப்டர் தொலைந்துபோயிருந்தால் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், அங்கும் அச்சிட்டிருக்கும்.

வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். 19-க்கும் 19.5-க்கும் உள்ள வித்தியாசம் பொதுவாகப் பாதகமில்லை. 15 வோல்ட் கேட்கும் பழைய தோஷிபாவில் 19-ஐச் செருகினால் போர்டு போய்விடும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும், அதனால் 65 வாட் போதும் என்கிற மெஷினுக்கு 90 வாட் தாராளமாகப் போடலாம். 90 வாட் கேட்கும் மெஷினுக்கு 65 வாட் போட்டால் அடாப்டர் கொதிக்கும், லோடு ஏறியதும் கட் ஆகும்.

படி 3: பின்

வெளி விட்டம், உள் விட்டம் இரண்டும் முக்கியம். ஆசுஸ், தோஷிபாவுக்குப் பெரும்பாலும் 5.5 / 2.5 மி.மீ.; ஏசருக்கு 5.5 / 1.7. வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிச் செருகினால் நுழையாது, இல்லையென்றால் தொளதொளவென்று ஆடித் தீப்பொறி வரும்.

பலர் ஏமாறும் இடம் டெல், எச்பியின் 7.4 மி.மீ. பெரிய பின். அதன் நடுவே ஊசி போல ஒரு கம்பி நிற்கும். அது கரண்ட் கொண்டுபோவதில்லை; அடாப்டரை அடையாளம் காட்டும் சிக்னலுக்கானது. டெல் அடாப்டருக்குள் இருக்கும் சின்ன சிப், அந்த ஊசி வழியாகத் தன் வாட் அளவை லேப்டாப்புக்குச் சொல்லும். மலிவான டூப்ளிகேட்டில் சிப் இல்லாவிட்டாலோ ஊசி வளைந்துவிட்டாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். டெல்லை ஆன் செய்ததும் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போனால் அடாப்டர் வாட் தெரியும். அங்கே 65 அல்லது 90 வராமல் அடையாளம் தெரியாத அடாப்டர் என்று காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்துப் பின்களோடு வரும் யுனிவர்சல் சார்ஜரிலும் இதே சிக்கல் உண்டு. போதாக்குறைக்கு வோல்ட் ஸ்விட்ச் தவறான இடத்தில் இருந்தால் ஆபத்து. வாங்காமல் இருப்பதே நல்லது.

படி 4: வாங்கும்போது

இந்தியாவில் விற்கும் லேப்டாப் அடாப்டருக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி தயாரித்தது என்று தெரியும். 90 வாட் என்று எழுதியிருக்கும் அடாப்டர் கையில் காற்றுப் போல லேசாக இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் டிசி 200 வோல்ட் நிலையில் வையுங்கள். 20-ல் வைத்தால் திங்க்பேடு அடாப்டருக்கு அளவைத் தாண்டிவிட்டது என்றே காட்டக்கூடும். ஊசிப் பின் என்றால் சிவப்பு முனை குழலின் உட்சுவரில், கறுப்பு முனை வெளிச்சுவரில். ஊசியைத் தொடாதீர்கள். லேபிளில் உள்ள வோல்ட்டிலிருந்து அரை வோல்ட் கூடக்குறைய இருக்கலாம்.

கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதை எடுத்துவிட்டு, அடாப்டரில் மட்டும் அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை இரண்டில் எது வந்தாலும் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பில்லோடு கடைக்கே திரும்பக் கொண்டுபோங்கள்.