பழைய வாட்ச் வாங்குகிறீர்களா? மெஷினைப் பார்த்து டயலை நம்பாதீர்கள்

பழைய கைக்கடிகாரம் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "மெஷின் ஒரிஜினல்தானே?" பின்மூடியைத் திறந்து பார்க்கிறார்கள். கம்பெனி பெயரும் நம்பரும் சரியாக இருக்கின்றன. பணம் கைமாறிவிடுகிறது. டயலில் எழுத்துப்பிழை, 1960களின் மாடலுக்குள் குவார்ட்ஸ் (பேட்டரியில் ஓடும்) மெஷின் போன்றவற்றை இன்று யாரும் தவறவிடுவதில்லை. அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மெஷின் அசல் என்றால் வாட்ச்சும் அசல் என்று முடிவுகட்டுவது

அதிகப் பணத்தைத் தின்கிற தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலே வருகிறது. பழைய மெஷினைப் புதிதாகச் செய்ய எந்தப் போலிக்காரரும் மெனக்கெடுவதில்லை. மலிவான மாடலிலிருந்து அசல் மெஷினை எடுத்து, அரிய மாடலின் போலி டயலை அதன்மேல் பொருத்தினால் வேலை முடிந்தது. ரோலெக்ஸ் 6239 மாடலில் சாதாரண டயலுக்கும், நடிகர் பால் நியூமன் பெயரால் அழைக்கப்படும் அரிய டயலுக்கும் மெஷினில் வித்தியாசமே இல்லை. விலை பல மடங்கு எகிறுவது டயலால் மட்டும்தான். எனவே போலியும் அங்கேதான் இருக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுத்துகளின் ஓரம். அசல் அச்சில் மை லேசாக மேடிட்டு, ஓரம் கத்தி வைத்து வெட்டியதுபோல் நிற்கும். மை கசிந்திருந்தாலோ, புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலோ அது பிற்கால அச்சு. 1950களின் கறுப்பு டயல்களில் பொன்னிற எழுத்து பலவும் மையே அல்ல. அடியிலுள்ள பித்தளை கறுப்புப் பூச்சின் இடைவெளியில் தெரிவது. டயலைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்து பூச்சுக்குக் கீழே இருக்கும். அந்த வகை டயலில் எழுத்து மேலே உட்கார்ந்திருந்தால், மறுபடி பெயிண்ட் அடித்தது.

அடுத்து நிமிடக் கோடுகள். ஒவ்வொரு மணிக்குறிக்கும் நேரே அதன் கோடு நிற்கிறதா, 6 மணிக்குக் கீழே இருக்க வேண்டிய 'ஸ்விஸ்' எழுத்து காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். மறுபூச்சு செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடங்கள் இவை.

டயலின் முதுகில் பெரும்பாலும் இரண்டு சிறு கால்கள் இருக்கும்; அவை மெஷினின் துளைகளில் இறங்கி, திருகால் பிடிக்கப்படும். வேறு மெஷினுக்கான டயலைப் போட வேண்டுமென்றால் கால்களை நறுக்கி, இருபக்கப் பசையால் ஒட்டுவார்கள். தேதி எண் சன்னலின் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலோ, சிறு விநாடி முள் தன் வட்டத்தின் நடுவில் இல்லாவிட்டாலோ டயலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த வலையில் புதியவர்கள் மட்டும் விழுவதில்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 ஒன்று 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகா நிறுவனமே. அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்பது 2023-ல் வெளியே வந்தது.

ஒளிரும் பூச்சைச் சோதிக்காமல் விடுவது

1960களிலிருந்து 1990களின் இறுதிவரை ஸ்விஸ் வாட்ச்களில் பரவலாக இருந்தது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஒளிரும் பூச்சு. டிரிட்டியத்தின் அரைஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 12.3 ஆண்டு, 60 ஆண்டில் முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். புற ஊதா டார்ச் அடித்தால் மினுங்கலாம், டார்ச்சை அணைத்த சில நொடிகளில் மங்கிவிட வேண்டும். நிமிடக்கணக்கில் பளிச்சென்று ஒளிர்ந்தால் பூச்சு புதிது. டயலும் முள்ளும் வேறு வேறு நிறத்தில் மங்கினால், இரண்டில் ஒன்று பிறகு வந்ததாக இருக்கலாம்.

அதற்கு முந்தைய வாட்ச்களில் ரேடியம் இருக்கலாம். அது இன்னும் கதிர்வீச்சோடுதான் இருக்கிறது. தூள் உதிரும் டயலை ஊதவோ சுரண்டவோ கூடாது.

சீரியல் நம்பரைத் தனியாகப் படிப்பது

நம்பர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அது சொல்லும் காலமும் மற்ற பாகங்களின் காலமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். 1970களின் சீக்கோவில் பின்மூடி நம்பரின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 6139 மாடலில் '4' என்று தொடங்கினால் 1974. அதே வாட்ச்சின் டயலில் (தண்ணீர் புகாது என்ற பொருளில்) 'வாட்டர் புரூஃப்' என்று இருந்தால் பொருந்தாது. சீக்கோ 1970 வாக்கில் 'வாட்டர் ரெசிஸ்ட்' என்ற சொல்லுக்கு மாறிவிட்டது. பழைய ரோலெக்ஸில் பட்டையைக் கழற்றி, 6 மணிப் பக்கத்தில் பட்டை மாட்டும் கால்களுக்கு இடையே சீரியலையும் 12 மணிப் பக்கத்தில் மாடல் நம்பரையும் படிக்க வேண்டும். பழைய ஒமேகாவில் சீரியல் மெஷின்மேல் இருக்கும். ஆகவே அந்த நம்பருக்குக் கம்பெனியிடம் வாங்கும் சான்று மெஷினுக்குத்தான் சாட்சி, டயலுக்கு அல்ல.

ஒரே சீரான பழுப்பு

உண்மையான கறை ஈரம் புகுந்த வழியில் போகும்: ஓரங்கள், சாவி கொடுக்கும் திருகின் பக்கம். டயல் முழுக்க ஒரே அளவில் பழுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பெட்டியும் பேப்பரும்

தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. எனவே அவை கூட இருப்பதால் வாட்ச் அசல் ஆகிவிடாது.

விற்பவரின் படங்களோடு திருப்தியடைவது

கண்ணாடிப் பளபளப்பு இல்லாத நேர்ப்படம், சாய்த்து எடுத்த டயல், மெஷின், பின்மூடியின் உட்புறம், பட்டை மாட்டும் கால்களுக்கு இடையே உள்ள நம்பர். இந்த ஐந்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "சீல் உடையும், திறக்க முடியாது" என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். அத்தனை பழைய வாட்ச்சை சர்வீஸுக்காகப் பலமுறை திறந்திருப்பார்கள்.