இரட்டைக் காவலர் படத்தின் இரண்டாம் பாகம்: நட்புக்குள் முரணை எழுதும் முறை

ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள முடியாத இரண்டு காவலர்கள் ஒரே வழக்கில் மாட்டிக்கொண்டு, இறுதியில் உயிர் நண்பர்களாகிவிடுவதே இவ்வகை ஆக்‌ஷன் படத்தின் முதல் பாகம். முதன்மை முரண் அங்கேயே தீர்ந்துவிடுவதால், இனி இவர்கள் எதற்காக மோதிக்கொள்வார்கள் என்பதே இரண்டாம் பாகத்தை எழுத உட்காருகிறவருக்குப் பெரிய சிக்கலாகிறது. புதிதாக எழுதுபவர்கள் பலர் ஏதோவொரு சாக்கைச் சொல்லி இருவரையும் மீண்டும் பகைவர்களாக்கிவிடுகிறார்கள். அந்த நட்பை நம்பித் திரும்பி வந்த பார்வையாளருக்கு அது துரோகம் என்றே நான் கருதுகிறேன்.

முதல் படி: முதல் பாகத்தின் கடைசிக் காட்சியில் ஒவ்வொருவரும் எதைக் கற்றுக்கொண்டார், எந்தப் பழக்கத்தை விட்டார் என்று எழுதி வையுங்கள். இரண்டாம் பாகத்தில் அவர்கள் அந்த இடத்திலிருந்துதான் புறப்பட வேண்டும்.

இரண்டாம் படிதான் உயிரானது: முரணை நட்பிலிருந்தே எடுங்கள். 2003இல் வெளிவந்த 'பேட் பாய்ஸ் 2' படத்தில் ஒருவர் தன் கூட்டாளியின் தங்கையைக் காதலிப்பதை மறைக்கிறார். மற்றவரோ இந்தக் கூட்டணியை விட்டே விலகிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். நண்பனை இழக்க அஞ்சுகிறவனிடம்தான் இப்படிப்பட்ட ரகசியம் கனக்கும்.

உங்கள் கதையில் இதை எப்படிச் செய்வது? நிதானமான மூத்தவர், அவசரக்கார இளையவர் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவரின் வலக்கை இப்போது நடுங்கத் தொடங்கியிருக்கிறது. காரில் காத்திருக்கும்போது அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியை இடக்கையால் திறக்கிறார்; இளையவர் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சாலையைப் பார்க்கிறார். அடுத்த அதிரடிச் சோதனைக்கு இளையவர் சொல்லாமல் தனியாகவே உள்ளே போகிறார். இளையவருக்கு அது அக்கறை. மூத்தவருக்கோ, தன்மேல் நம்பிக்கை போய்விட்டதற்கான சான்று. இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால், அடுத்து அவர்கள் பேசும் ஒவ்வொரு வசனமும் தானாகவே சூடேறும். நடுக்கத்தைப் பற்றி மட்டும் இருவரையும் நேரடியாகப் பேச விடாதீர்கள். அந்தப் பேச்சைக் கூடுமானவரை கிளைமாக்ஸ்வரை தள்ளிப் போடுங்கள்.

மூன்றாம் படி, வில்லன். முதல் வில்லனைவிடக் கூடுதல் ஆட்களும் ஆயுதங்களும் கொடுத்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர் இந்த இருவரின் குணத்தைச் சோதிப்பவராக இருக்க வேண்டும். 1989இல் வந்த 'லீத்தல் வெப்பன் 2' படத்தின் எதிரிகள், தூதரகப் பாதுகாப்புக்குப் பின்னால் நிற்கும் தென்னாப்பிரிக்க அதிகாரிகள். சட்டம் அவர்களைத் தொட முடியாது. முடிவில் அவர்களின் தலைவனைச் சுடுகிறவர், துணிச்சலுக்குப் பேர்போன இளைய காவலர் அல்லர்; குடும்பமும் நிதானமுமாக வாழ்ந்த மூத்தவர். அந்த ஒரே தோட்டாவில் அவருடைய குணம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

இடத்தை மாற்றுவதும் உதவும். 'ரஷ் ஹவர்' (1998) பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. 2001இல் வந்த அதன் இரண்டாம் பாகம் ஹாங்காங்கில் தொடங்குவதால், முன்பு உள்ளூர்க்காரராக இருந்த அமெரிக்கக் காவலர் அந்நியராகிவிடுகிறார்.

கடைசியாக, சண்டைக்காட்சிகளுக்குள்ளும் அந்த மனஸ்தாபம் ஓட வேண்டும். ஒரு துரத்தலை எழுதி முடித்ததும், இருவரின் உறவு அதற்கு முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி மாறியது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால், எவ்வளவு கார்கள் நொறுங்கினாலும் அந்தக் காட்சி வெட்டப்பட வேண்டியதே. நம் கதையின் கிளைமாக்ஸில் மூத்தவர் தம் துப்பாக்கியை இளையவரிடம் நீட்டி, "நீ சுடு, என் கை நிற்காது" என்கிறார். முதல் பாகத்தில் யாரையும் தம் ஆயுதத்தைத் தொடக்கூட விடாதவராக அவரை எழுதியிருந்தீர்களானால், அங்கே வேறு வசனம் எதுவும் வேண்டாம்.