தடுப்பாட்டக்காரர் மேலாளராக மாறுவது எப்படி: ஜாக் சார்ல்டன் நடந்த வழி

கால்பந்தில் மையத் தடுப்பாட்டக்காரராக நிற்பவருக்குக் கோல் கீப்பரைத் தவிர மற்ற எவருக்கும் கிட்டாத ஒரு வசதி உண்டு. ஆடுகளம் ஏறத்தாழ முழுவதும் அவருடைய கண்முன் விரிந்து கிடக்கிறது. முன்கள வீரர் எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் நேரமே அதிகம். நடுக்கள வீரரைச் சுற்றி எப்போதும் நெரிசல். பின்னால் நிற்பவரோ எந்த இடைவெளி எப்போது திறக்கிறது, தம் அணியில் யார் இடம் தவறி நிற்கிறார் என்பதைத் தொண்ணூறு நிமிடமும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பார்வையை ஆடி ஓய்ந்த பிறகு மேலாளர் தொழிலாக மாற்றிக்கொள்ள விரும்புவோர் செய்ய வேண்டியவற்றை, இங்கிலாந்தின் ஜாக் சார்ல்டனை முன்வைத்து விளக்குகிறேன். ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் பெக்கன்பவரைப் போன்ற பிறவி மேதையை எடுத்துக்கொண்டால் அதைப் பின்பற்ற நம்மில் பலரால் இயலாது. சார்ல்டனுக்கோ தம்பி பாபியிடம் இருந்த பந்துத் திறமை வாய்க்கவில்லை, கற்றுத்தான் முன்னேறினார்.

முதலில், ஆடிக்கொண்டிருக்கும்போதே படிக்கத் தொடங்க வேண்டும். 1935இல் ஆஷிங்டன் என்னும் சுரங்க ஊரில் பிறந்த சார்ல்டன், சிறிது காலம் நிலக்கரிச் சுரங்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு லீட்ஸ் யுனைடெட் அணிக்கு வந்தார். 1973 வரை வேறு எந்தக் கழகத்துக்கும் ஆடாமல் 773 ஆட்டங்களில் அதன் சட்டையை அணிந்தார். தொடக்கத்தில் அவர் எதற்கும் எதிர்வாதம் பேசும் ஆட்டக்காரராகவே அறியப்பட்டார். அந்த முரட்டுத்தனத்தைப் பயனுள்ள கேள்விகளாக மாற்றியதில், ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் லில்லஷாலில் நடத்திய பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. இந்தியாவில் இருப்பவர்கள் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வழங்கும் டி, சி, பி, ஏ பயிற்சியாளர் உரிமங்களின் படிகளில் முதற்படியையாவது ஆடும் காலத்திலேயே ஏறிவிடுவது நல்லது. காலணியைக் கழற்றி வைத்த பிறகு படிக்க உட்கார்ந்தால், வகுப்பில் கேட்டதை மறுநாள் ஆடுகளத்தில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

சோதித்துப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு 1962இல் லீட்ஸில் நடந்தது நல்ல சான்று. அப்போது மேலாளராக இருந்த டான் ரெவி இளைஞர்கள் பலரை அணிக்குள் கொண்டுவந்தார். எதிரணி வீரரை ஆளுக்கு ஆள் துரத்தாமல், ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்தைக் காக்கும் முறையில் ஆட வேண்டும் என்று வாதாடிய சார்ல்டன், பக்கத்தில் நின்ற இளம் நார்மன் ஹன்ட்டருடன் அதை நடைமுறைப்படுத்தினார். ரெவி தடுப்பு வரிசையின் பொறுப்பையே அவரிடம் விட்டார். ஆகவே பயிற்சியாளரிடம் எல்லாவற்றுக்கும் முரண்டு பிடிக்காமல், நன்கு அறிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுங்கள். அனுமதி கிடைத்தால் அதன் விளைவுக்கும் நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஆட்டத்தின்போது அருகில் இருப்பவருக்கு ஓயாமல் குரல் கொடுத்து இடம் காட்டுவதும் இதே பயிற்சியின் பகுதிதான்.

அடுத்ததாக, உங்களைத் தேர்ந்தெடுப்பவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முப்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு, 1965 ஏப்ரலில்தான் சார்ல்டன் முதன்முதலாக இங்கிலாந்துக்கு ஆடினார். தம்மை எதற்காக எடுத்தீர்கள் என்று அவர் கேட்டபோது, தமக்கு ஓர் ஆட்ட வடிவம் இருப்பதாகவும், அதற்குப் பொருந்துவோரையே தேடுவதாகவும், எப்போதும் மிகச் சிறந்தவர்களையே எடுப்பதில்லை என்றும் இங்கிலாந்தின் மேலாளர் ஆல்ஃப் ராம்சே விடையளித்தார். புகழ்ச்சி என்று சொல்லிக்கொள்ள முடியாத இந்த விடையைச் சார்ல்டன் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார். இங்கிலாந்து 1966 உலகக் கோப்பையை வென்றதும் அந்த வடிவத்தில் நின்றுதான். பின்னாளில் அயர்லாந்து தேசிய அணியின் மேலாளராக அவர் செய்ததெல்லாம் இதன் நீட்சியே என்று கொள்ளலாம்.

முதல் கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காமல் நிபந்தனைகளைப் பாருங்கள். 1973இல் இரண்டாம் பிரிவில் இருந்த மிடில்ஸ்பரோ அழைத்தபோது, சார்ல்டன் முறையான நேர்காணலுக்கு உட்காரவில்லை. தம் பொறுப்பில் இருக்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்து, முழுவதையும் ஏற்றால் வருகிறேன் என்றார். அணி விவகாரத்தில் நிர்வாகம் தலையிடக் கூடாது என்பது அவற்றுள் முக்கியமானது. தூண்டில் போடவும் வேட்டையாடவும் வாரத்தில் விடுப்பு வேண்டும் என்பதும் ஒன்று. (எழுத்துவழி ஒப்பந்தம் வேண்டாம் என்று மறுத்த அவருடைய துணிவை மட்டும் பின்பற்ற வேண்டாம்; உலகக் கோப்பை வென்றவருக்குச் செல்லுபடியாவது மற்றவர்களுக்கும் செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாது.) இருந்த வீரர்களையே பெரும்பாலும் வைத்துக்கொண்டு, செல்டிக்கிலிருந்து மாற்றுத் தொகையின்றி வந்த பாபி மர்டாக்கைச் சேர்த்து, இளம் கிரேம் சூனஸை நடுக்களத்தின் மையத்துக்கு நகர்த்தினார். முதல் பருவத்திலேயே, இரண்டாம் இடத்தைவிட 15 புள்ளிகள் கூடுதலாகப் பெற்று அணி முதல் பிரிவுக்கு ஏறியது. அப்போது ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் மட்டுமே என்பதை நினைவில் வைத்தால் அந்த இடைவெளியின் அளவு புரியும்.

இனி, தடுப்பாட்டக்காரர் மேலாளரான பின் தம் பழைய அறிவை எப்படித் திருப்பிப் போட வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். களத்தில் எது உங்களை அதிகம் வதைத்ததோ, அதை எதிரணிக்குச் செய்யுங்கள். முதுகுப்புறமாக விழும் பந்தைத் திரும்பி ஓடி எடுப்பதே எந்தப் பின்கள வீரருக்கும் மிக வெறுப்பான வேலை. 1986இல் அயர்லாந்தின் பொறுப்பை ஏற்ற சார்ல்டன், பந்தை எதிரணியின் பக்கத் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் அனுப்பி, அவர்கள் திரும்பியதும் முன்கள, நடுக்கள வீரர்கள் பாய்ந்து நெருக்க வேண்டும் என்று வகுத்தார். ஆட்டக்காரராகவே அவர் இந்தத் திசையில் சிந்தித்தவர்தான். கார்னர் கிக்கின்போது எதிரணி கோல் கீப்பரின் முன்னே, கோல் கோட்டின் மேலேயே போய் நின்று அவரை மறைத்துக்கொள்வது அவருடைய பெயர்பெற்ற உத்தி.

திட்டத்துக்கு ஆள் தேடுவதும் மேலாளரின் வேலைதான். அயர்லாந்து வம்சாவளியினரை அவர் பிரிட்டன் முழுவதும் தேடினார். கிளாஸ்கோவில் பிறந்த ரே ஹவ்டன், லிவர்பூலில் பிறந்த ஜான் ஆல்ட்ரிட்ஜ் ஆகியோர் அவ்வாறு வந்தவர்கள். சிறந்த தடுப்பாட்டக்காரரான பால் மெக்ராத்தை அடிக்கடி நடுக்களத்தில் நிறுத்தினார். 1988 யூரோ என்னும் ஐரோப்பியக் கோப்பையில், ஸ்டட்கார்ட்டில் ஹவ்டன் தலையால் முட்டிய கோலால் இங்கிலாந்து 1-0 என வீழ்ந்தது. 1990 உலகக் கோப்பையில் இந்த அணி ஐந்து ஆட்டங்களில் இரண்டே கோல் அடித்து, ருமேனியாவைப் பெனால்டியில் கடந்து, ரோமில் இத்தாலியிடம் 0-1 எனத் தோற்கும் வரை தாக்குப்பிடித்தது. இந்த எண்ணிக்கையிலேயே முறையின் வலிமையும் வறுமையும் தெரிகின்றன. லியம் பிரேடி போன்ற நுணுக்கமான பாஸ் ஆட்டக்காரருக்கு அதில் இடம் சுருங்கியதை நான் இழப்பாகவே கருதுகிறேன். மேலும், 1986இல் ஐஸ்லாந்துப் பயணத்துக்கு வர மறுத்த டேவிட் ஓ'லியரியை அவர் நெடுநாள் ஒதுக்கி வைத்தார். ருமேனியாவுக்கு எதிரான தீர்க்கமான பெனால்டியை அடித்தவர் அதே ஓ'லியரிதான். மனத்தாங்கலை இவ்வளவு காலம் சுமப்பதைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

தோல்விக்கும் ஆயத்தமாக இருங்கள். 1977இல் இங்கிலாந்து மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்த சார்ல்டனுக்குப் பதில் கடிதம்கூட வரவில்லை. அவர் ஷெஃபீல்டு வென்ஸ்டே அணிக்குப் போய், 1980இல் அதை மூன்றாம் பிரிவிலிருந்து ஏற்றிவிட்டார். சொந்த மண்ணின் அணியான நியூகாசிலில் ஒரே ஒரு பருவம்தான். 1985இல், புதிய பருவம் தொடங்குமுன் நடந்த நட்பு ஆட்டத்தில் ரசிகர்கள் கூச்சலிட்டதும் பதவி விலகினார். அடுத்த ஆண்டே அயர்லாந்து அழைத்தது.

விலகும் நேரத்தையும் முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும். 1995 டிசம்பரில், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில், யூரோ தகுதிக்கான தனி ஆட்டத்தில் அயர்லாந்து நெதர்லாந்திடம் 0-2 எனத் தோற்றது. இரண்டு கோலையும் அடித்தவர் பத்தொன்பது வயது பாட்ரிக் க்ளூய்வெர்ட். பந்தின் பின்னால் ஓடித் திரும்ப வேண்டிய நிலை இப்போது அயர்லாந்தின் தடுப்பாட்டக்காரர்களுக்கு வந்திருந்தது. அறுபது வயதாகியிருந்த சார்ல்டன் அத்துடன் விலகினார். அதன் பிறகு எந்த அணியின் பொறுப்பையும் அவர் ஏற்கவில்லை.