தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு மனச்சோர்வா? கவனிப்பதும் உதவுவதும்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைக்கு மனச்சோர்வு வந்தால், அது அழுகையைவிட எரிச்சல், அடம், பள்ளிக்குக் கிளம்பும் வேளையில் வயிற்று வலி, தலைவலி என்றே பெரும்பாலும் வெளிப்படும். ஆகவே “சேட்டை” என்று முடிவுகட்டுமுன், இந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று பாருங்கள். அது 2 வாரங்களுக்குமேல் பெரும்பாலான நாட்களில் நீடிக்கிறதா, விருப்பமான விளையாட்டும் கசந்துவிட்டதா, தூக்கமும் பசியும் மாறியுள்ளனவா, “நான் மக்கு” என்று தன்னையே பழித்துக்கொள்கிறதா என்பவற்றைத் தேதியுடன் குறித்து வையுங்கள். வலி பள்ளி நாட்களில் மட்டும் வருகிறதென்றால், முதலில் பள்ளியை விசாரிக்க வேண்டும்.

அடுத்து, சூழலைப் பாருங்கள். தாய்க்கோ தந்தைக்கோ மனச்சோர்வு இருப்பது முக்கியமான ஆபத்துக் காரணி. பெற்றோருக்குச் சிகிச்சை அளிப்பதே பல வேளைகளில் குழந்தைக்கும் உதவும். நெருங்கியவரின் மரணம், வீட்டில் குடியும் சண்டையும், அடி, பாலியல் துன்புறுத்தல், வகுப்பில் கேலி, ஆஸ்துமா, வலிப்பு போன்ற நீண்டகால நோய்கள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். ஆபத்துக் காரணிகளுள் எளிதில் தவறவிடப்படுவது கற்றல் குறைபாடு என்பேன்: எழுத்துகள் பிடிபடாத குழந்தையைச் சோம்பேறி என்று நாள்தோறும் திட்டினால், அக்குழந்தையும் அதை நம்பிவிடும். எனினும், காரணி இருப்பதாலேயே நோய் இருப்பதாகாது. எந்தக் காரணியும் தென்படாத வீட்டிலும் அது வரலாம்.

குழந்தையிடம் எதிரே அமர்த்தி விசாரணை நடத்தாமல், படம் வரையும்போதோ பூப்பறிக்கும்போதோ பேச்சுக்கொடுங்கள். “ஏன் இப்படி இருக்கிறாய்?” என்பதைவிட “இன்று பள்ளியில் எது பிடிக்கவில்லை?” என்பதற்குப் பதில் கிடைக்கும்.

பிறகு குழந்தை நல மருத்துவரிடம் செல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்றவற்றைப் பரிசோதித்தபின், தேவையானால் அவர் மனநல மருத்துவருக்கு அனுப்புவார். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளிலேயே இச்சேவை கிடைக்கிறது. இந்த வயதில் பேச்சும் விளையாட்டும் சார்ந்த, பெற்றோரும் பங்கேற்கும் சிகிச்சையே பொதுவாக முதலில் அளிக்கப்படும். மருந்து தரப்பட்டால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

“செத்துப்போகிறேன்” என்று குழந்தை சொன்னால், விளையாட்டுப் பேச்சென்று விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, துன்புறுத்தல் குறித்த புகாருக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.