பத்தடி அறையில் டபுள் பேஸ் பதிவு செய்வது எப்படி

டபுள் பேஸை (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய, தாழ்ந்த ஒலி வாத்தியம்) வீட்டில் பதிவு செய்ய நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் எந்த மைக் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். மைக் அப்புறம், முதலில் டேப் வைத்து அறையை அளந்துவிடுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பத்தடி இருந்தால் அந்த அறை 56 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே அதிரும், பேஸின் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவதோ 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வீங்கும், பக்கத்துச் சுரங்கள் இளைத்து நிற்கும். ஈக்யூவால் (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இதை முழுசாகச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அறை அந்தச் சுரத்தை உரக்க ஆக்குவதோடு விடாமல் இழுத்து நீட்டவும் செய்கிறது. சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல ஃபோமும் உதவாது, அந்த அலையின் நீளமே ஆறு மீட்டருக்கு மேல்.

ஆகவே ஈ தந்தியில் ஆரம்பித்து அரைச்சுரம் அரைச்சுரமாக மெதுவாக ஏறி வாசிக்கச் சொல்லி, ஹெட்ஃபோனில் கேட்டபடியே வாத்தியத்தையும் மைக்கையும் ஓரடி ஈரடி நகர்த்திப் பாருங்கள். மூலை வேண்டாம், வீக்கம் கூடும். நட்டநடுவும் வேண்டாம், அதே சுரம் அங்கே காணாமலே போய்விடும். இதற்கு ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும்.

மைக்குக்குப் பெரிய டயஃப்ரம் கண்டென்சர் (அகன்ற சவ்வுள்ள ஸ்டுடியோ மைக்) ஒன்று போதும். பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) முன்னால் 20 முதல் 30 செ.மீ. தள்ளி, மீட்டும் விரல்களை லேசாகப் பார்த்தபடி வையுங்கள். எஃப் வடிவத் துளைக்கு நேரே வைத்தால் உறுமல்தான் மிஞ்சும். முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக் நெருங்க நெருங்க அடிச்சத்தத்தை, அதாவது தாழ்ந்த ஒலியை, கூட்டும். எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி கூட்டாது, ஆனால் அறையை நிறைய வாங்கும், அதனால் அதை இன்னும் கிட்டே கொண்டுபோகலாம். வில்லால் வாசித்தால் எந்த மைக்கானாலும் கொஞ்சம் பின்னால் இழுங்கள்.

பிக்கப் (வாத்தியத்தின் அதிர்வை நேரடியாகப் பிடிக்கும் கருவி) இருந்தால் அதையும் தனி டிராக்கில் கட்டாயம் எடுங்கள். தனியாகக் கேட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், ஆனால் அறை பாதிக்காத ஒரே சத்தம் அதுதான். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும் என்பதால் மைக் சற்றுத் தாமதமாகவே கேட்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, பிக்கப் டிராக்கை அந்த அளவுக்குப் பின்னால் தள்ளுங்கள். இப்போது மைக்கை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அடிச்சத்தத்தைப் பிக்கப்பிடமிருந்தும் மரத்தின் சத்தத்தை மைக்கிடமிருந்தும் வாங்குங்கள். அப்படி வெட்டும் ஃபில்டரும் ஃபேஸை (அலை ஏறி இறங்கும் நேரத்தை) மாற்றும், அதனால் கடைசியில் ஒரு டிராக்கின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது அலையைத் தலைகீழாக்கிப் பார்த்து, எதில் அடிச்சத்தம் கனமாக வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸில் பெரிய வேலை இல்லை. ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் 30க்குக் கீழே தாராளமாக வெட்டலாம். உரத்த சத்தத்தை அடக்கும் கம்ப்ரஸர் 3:1 விகிதத்தில், அது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரமான அட்டாக் 30 மில்லிசெகண்ட் அளவில், இல்லையென்றால் விரல் தந்தியை விடும் அந்தத் தட்டு அமுங்கிவிடும். ஃபோன் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது, அங்கேயும் பேஸ் கேட்க வேண்டுமென்றால் 700 முதல் 1000 ஹெர்ட்ஸுக்குள் இரண்டு டெசிபல் ஏற்றுங்கள்.