வீட்டுக்குள்ள ஹைட்ரோபோனிக்: தண்ணி வடியணும், செடி அடங்கணும்

நம்ம நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ரெண்டு பருவமழையும் கிடைக்குறதால வீட்டுக்குள்ள ஈரம் எப்பவும் கூடுதல்தான், ஹைட்ரோபோனிக்னா மண்ணில்லாம, சத்து கரைச்ச தண்ணி ஓடுற பைப்ல செடி வளக்குறது, அந்தப் பைப்ல தண்ணி தேங்கிச்சுன்னா வேர் சீக்கிரம் அழுகிடும். 1 மீட்டருக்கு 2, 3 செ.மீ. சரிவு குடுங்க, வெளிய போற ஓட்டை உள்ள வர்ற டியூபை விட நல்லா பெருசா இருக்கணும், இதுல மட்டும் கஞ்சம் பிடிக்காதீங்க, வேர் வளந்து அடைச்சா ராத்திரியோட ராத்திரியா தரையெல்லாம் தண்ணிதான். 2 வாரத்துக்கு ஒருக்கா சத்துக் கரைசலை மாத்துங்க, பழசை நிறைய தண்ணி கலந்து வாழை மூட்டுல ஊத்துங்க.

லைட் தூரமா இருந்தா செடி அதைத் தேடி ஒல்லியா நீண்டுடும். எல்இடியை நுனிக்கு மேல ஒரு 20 செ.மீ.ல தொங்கவிட்டு, வளர வளர ஏத்துங்க. துளசி 15 செ.மீ. ஆனதும் ஒரு இலை ஜோடிக்கு மேல நுனியைக் கிள்ளுங்க, ரெண்டு கிளை வரும். சின்ன ரூமுக்கு தக்காளி வேண்டாம், கீரை போதும்.